உள்ளூர் நம்பர்

4 ஆகஸ்ட் 2025, திங்கள். ஸ்ரீரங்கம்

சிங்கப்பூரில் ஏறி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் திருச்சி. அம்மா மண்டபம் சாலையில் ஒரு லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன். நேற்று ஆடிப்பெருக்கு, கூட்டம் கலைந்து இன்றுதான் அறைகள் காலியாயின என்றார் மேனேஜர். படித்துறைப் பக்கம் போய்ப் பார்த்தேன். வாழையிலையும் பூவும் ஈரத் துணியும் இன்னும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆற்றில் நிறையத் தண்ணீர்.

வந்த காரியம் பல். இடது பக்கம் கீழே ஒன்றைப் பிடுங்க வேண்டும். இரண்டுக்கு வேர் சிகிச்சை செய்து மேலே தொப்பி மாட்ட வேண்டும். அங்கே இதற்கு ஆகும் செலவில் இங்கே மூன்று வாரம் தங்கி, நன்றாகச் சாப்பிட்டு, நான்கு புடவையும் எடுத்துக்கொண்டு திரும்பலாம். கணவர் தர்மராஜுக்கு லீவு இல்லை. கல்யாணம் ஆகி முப்பது வருடத்தில் முதல்முறையாக நான் மட்டும் வந்திருக்கிறேன். சொல்லக்கூடாது, ஆனால் நன்றாக இருக்கிறது.

மகள் கனிஷ்கா விமான நிலையத்திலேயே மிரட்டி அனுப்பினாள். "ரோமிங் ஆன் பண்ணாதம்மா. போன தடவை அப்பாவுக்கு வந்த பில் ஞாபகம் இருக்குல்ல? அங்க போய் ஒரு லோக்கல் நம்பர் வாங்கிக்கோ."

அண்ணன் வீடு உறையூரில். பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். நான் வந்திருப்பது அண்ணனுக்குத் தெரியாது. காவிரிக்கு இந்தப் பக்கம் அறை எடுத்தது பெருமாளைக் கும்பிட வசதி என்று தர்மராஜிடம் சொன்னேன். பாதி உண்மை.

5 ஆகஸ்ட், செவ்வாய்

தில்லை நகரில் பல் டாக்டர். வரவேற்பில் இருந்த பெண் மகாலட்சுமி, முகத்தை நிமிர்த்தாமலே கேட்டாள்: "லோக்கல் நம்பர் சொல்லுங்க மேடம். லேப்ல இருந்து தொப்பி வந்ததும் கூப்பிடணும்." சிங்கப்பூர் நம்பரைச் சொன்னேன். இப்போது நிமிர்ந்தாள். "இதுக்கெல்லாம் எங்க போன்ல இருந்து போகாது மேடம்."

ஆட்டோ பிடிக்கும் ஆப்பும் அதையேதான் கேட்கிறது. இந்த ஊரில் நம்பர் இல்லாத மனுஷிக்கு மதிப்பே இல்லை.

சரி என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை கடையாக ஏறினேன். முதல் கடையில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், "ஃபாரினர் சிம் நாங்க போடுறதில்லைங்க. ஏகப்பட்ட தலைவலி." உறையூரில் பிறந்து, உறையூரில் படித்து, இந்தப் பஸ் ஸ்டாண்டில் தினமும் பஸ்ஸுக்குக் காத்து நின்றவள் நான். எனக்கு ஃபாரினர் என்று பெயர்.

இரண்டாவது கடை இம்தியாஸ் என்பவருடையது. முப்பத்தைந்து வயது இருக்கும், பொறுமைசாலி. என் கைபேசியில் ஒரு சிம்தான் போகும், அதைக் கழற்றினால் வங்கியின் ஓடிபி வராது என்றேன். "எதுக்குக்கா கழட்டணும்? லோக்கல் கால் பேசத்தானே? பட்டன் போன் ஒண்ணு போதும்" என்று கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு நீலப் போனை எடுத்தார். ஆயிரத்து முந்நூறு ரூபாய். டார்ச் உண்டு, ரேடியோ உண்டு, ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலு நாள் நிற்குமாம். பிடித்துப்போய் வாங்கிவிட்டேன்.

சிம்தான் தகராறு. பாஸ்போர்ட், விசா, போட்டோ, லாட்ஜ் முகவரி எல்லாம் சரி. கடைசியில், "உங்களைத் தெரிஞ்ச உள்ளூர்க்காரங்க ஒருத்தர் நம்பர் வேணும்க்கா. அவங்களுக்கு ஓடிபி போகும்" என்றார். நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும்போது டவுன் பஸ். கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்தார். பஸ்ஸுக்கு நான் உள்ளூர்க்காரி, சிம்முக்கு வெளிநாட்டுக்காரி. ஜன்னலோர சீட்டும் கிடைத்தது.

6 ஆகஸ்ட், புதன்

மேனேஜரைக் கேட்டேன். "முதலாளி திட்டுவாருங்கம்மா, தப்பா நினைக்காதீங்க." மகாலட்சுமியைக் கேட்டேன். "டாக்டர் விடமாட்டாரு மேடம்." நீலப் போனில் மணி மட்டும் பார்க்கிறேன். ரேடியோ நன்றாகப் பாடுகிறது.

7 ஆகஸ்ட், வியாழன்

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த திருச்சி நம்பர் ஒன்றே ஒன்றுதான். அது அண்ணனுடையது.

எழுதிவிடுகிறேன். எழுதினால் கொஞ்சம் குறையுமா பார்ப்போம்.

கனிஷ்கா கல்யாணம் 2021-இல், சிங்கப்பூரில். கொரோனா காலம். விமானம் இல்லை, வீட்டில் இத்தனை பேருக்கு மேல் கூடக்கூடாது. அண்ணன் வரமுடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்துவர தாய்மாமன் வேண்டுமே. தர்மராஜின் சித்தப்பா மகன் அழகிரி பக்கத்தில் நின்றார். ஐயர் அவசரப்படுத்தினார். அழகிரியையே மாமன் இடத்தில் நிறுத்திவிட்டோம். சாயங்காலம் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் நான்தான் போட்டோக்களைப் போட்டேன். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது" என்று எழுதி, கைகூப்பும் படமும் போட்டேன்.

இரண்டாவது போட்டோவில் அழகிரி மாலையோடு நிற்கிறார்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. குரூப்பிலிருந்து வெளியேறினார். நான் கூப்பிட்டால் மணியே அடிக்காது. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறார். அண்ணி ராசாத்தி மட்டும் ஒருமுறை பேசினாள்: "ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அழகிரியே நிக்கட்டும்னு அவரே சொல்லியிருப்பாரு ராணி."

ஒரே ஒரு வார்த்தை. வீடியோவில் கூப்பிட்டு, அண்ணே, உங்க இடத்துல யார நிறுத்தட்டும்னு கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். கேக்கலை. மறந்தே போயிட்டேன். மறந்தேன்னு சொல்றதுதான் எனக்கே தாங்கலை.

நாலு வருடம்.

8 ஆகஸ்ட், வெள்ளி

விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ளத்தான் நம்பர், ஓடிபி வந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு இம்தியாஸிடம் அண்ணன் நம்பரைச் சொன்னேன். உறவு என்று கேட்டார். அண்ணன் என்றேன். சொல்லவே சுகமாக இருந்தது.

"ஓடிபி போயிருச்சு. நானே பேசிக் கேட்டுக்கிறேன்க்கா" என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். தடுக்கக்கூட நேரமில்லை.

"அண்ணே, சத்திரம் மொபைல் கடையில இருந்து பேசுறேன். விஜயராணின்னு சிங்கப்பூர்ல இருந்து வந்திருக்காங்க. சிம்முக்கு உங்க நம்பர் குடுத்திருக்காங்க. உங்க தங்கச்சிதானே?"

மில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் சூப்பர்வைசர். அந்தச் சத்தத்துக்குள் அவர் நிற்பது தெரிந்தது. நான் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்ல எல்லா நியாயமும் அவருக்கு உண்டு.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

"நாலு. ஏழு. ஏழு. சைபர். ரெண்டு. ஒம்போது."

வைத்துவிட்டார்.

இம்தியாஸ் எண்களைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "தங்கச்சியான்னு கேட்டதுக்கு ஒண்ணுமே சொல்லலையேக்கா."

"நம்பரைச் சொல்லிட்டாருல்ல தம்பி" என்றேன்.

நாலு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல். கொஞ்சம் கரகரத்திருக்கிறது. சளி பிடித்திருக்கிறதோ?

10 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று மதியம் சிக்னல் வந்தது. முதல் அழைப்பு மகாலட்சுமிக்கு. நம்பரைக் குறித்துக்கொண்டாள், குரலில் ஒரு மரியாதை கூடியிருந்தது. இரண்டாவது, லாட்ஜ் வாசலில் விசிட்டிங் கார்டு கொடுத்த ஆட்டோக்காரருக்கு. மூன்றாவது, ராஜகோபுரம் பக்கத்து மெஸ்ஸுக்கு: இன்று அடை உண்டா? உண்டு. போய்ச் சாப்பிட்டுவிட்டு உத்தர வீதியை ஒரு சுற்று நடந்தேன். பட்டன் அமுக்கிப் பேசுவதில் ஒரு திருப்தி இருக்கிறது. அழுத்தினால் அழுத்தியது தெரிகிறது.

யோசித்தால், அண்ணன் தடுத்து வைத்திருப்பது சிங்கப்பூர் நம்பரைத்தான். இதை இல்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

கூப்பிட்டேன். மணி முழுதாக அடித்து நின்றது. எடுக்கவில்லை. தெரியாத நம்பர் என்பதால் எடுக்கவில்லையா, தெரிந்ததால் எடுக்கவில்லையா?

12 ஆகஸ்ட், செவ்வாய்

குளிக்கப் போகும்போதும் போனைக் கொண்டுபோய் ஜன்னல் கட்டையில் வைத்தேன். வெட்கமாக இருக்கிறது. ஐம்பத்து நாலு வயது.

13 ஆகஸ்ட், புதன்

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். சிரித்தால் வலிக்கிறது.

வேர் சிகிச்சை முடிந்து தொப்பிக்கு அளவும் எடுத்தாயிற்று; இன்று பல் பிடுங்கினார்கள். ஊசி போட்டதில் உதடு, நாக்கு, பாதிக் கன்னம் எதுவும் என்னுடையதாக இல்லை. வாய் நிறையப் பஞ்சு. வெளியே வந்து மகாலட்சுமிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. மனப்பாட நம்பர்.

"ராணி."

அண்ணே என்று சொன்னேன். "ங்ங்ணே" என்று ஏதோ வந்தது. எச்சில் புடவையில் ஒழுகியது.

அந்தப் பக்கத்திலிருந்து, "அழுவாத."

இல்லண்ணே, அழல என்று சொல்லப் பார்த்தேன். அது இன்னும் மோசமான அழுகையாக வெளியே போனது.

"அழுவாதன்னு சொல்றேன்ல. நான் மட்டும் என்ன, பெரிய மனுஷன் மாதிரி போன எடுக்காம கெடந்தேன். முந்தாநாள் அடிச்சதும் நீதானே? தெரியும் எனக்கு. கையில வச்சிக்கிட்டே பார்த்துக்கிட்டு நின்னேன். எங்க தங்கியிருக்க?"

"ஞீ..." என்றேன். ஸ்ரீரங்கம் வரவே மாட்டேன் என்கிறது.

மகாலட்சுமி பார்க்கச் சகிக்காமல் என் கையிலிருந்து போனை வாங்கினாள். "சார், நான் டென்டல் க்ளினிக்ல இருந்து பேசுறேன். மேடத்துக்குப் பல்லு புடுங்கியிருக்கு, வாய் மரத்துப் போயிருக்கு. அழவெல்லாம் இல்ல சார்."

"பல்லா?" என்று அண்ணன் கேட்டது எனக்கும் கேட்டது.

அவள் கோப்பைப் பார்த்து லாட்ஜ் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அப்போது நான் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

முகம் ஒரு பக்கம் வீங்கிக் கிடக்கிறது. எட்டு மணிக்கு மேனேஜர் கதவைத் தட்டினார்: "உங்க அண்ணன்னு சொல்றாருங்கம்மா."

தூக்குவாளியோடு நின்றார். மில்லுக்குப் போகிற வழியில் பாதியில் இறங்கியிருக்கிறார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

நான் நின்றுகொண்டே சொன்னேன். நேற்று இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவைத்தது. "தப்பு என்னோடதுண்ணே. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மறந்துட்டேன். மறக்கக்கூடாதத மறந்துட்டேன்."

"கஞ்சியக் குடி. சூடா குடிக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. ஒங்க அண்ணி ஆறவச்சிக் குடுத்திருக்கா."

குடித்தேன். பாதி குடித்ததும் அவரே ஆரம்பித்தார். "அந்த அழகிரி. மாலைய ஒழுங்காப் போடத் தெரியல. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கெடக்கு. புள்ள கழுத்துல கோணலா தொங்குது."

"அந்தப் போட்டோவ இன்னும் வச்சிருக்கீங்களா?"

"குரூப்ப விட்டுத்தானே வெளிய வந்தேன். போட்டோவ ஏன் அழிக்கணும்?" என்றவர், மூடியைக் கையில் உருட்டிக்கொண்டே, "கனிஷ்கா நல்லாருந்தா" என்றார்.

தூக்குவாளியைக் கீழே வைத்தேன். தாய்மாமன் என்பது மாலை மட்டும் என்று நினைத்திருந்தேன். நாலு வருஷமாய் அந்தப் போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார்.

எழுந்திருக்கும்போது, "சனிக்கெழம வரேன். ரூமக் காலி பண்ணி வையி" என்றார்.

"இருபத்தஞ்சு வரைக்கும் எடுத்தாச்சுண்ணே."

"அதுக்கு? ஊருல வீட்ட வச்சிக்கிட்டு நீ லாட்ஜுல கெடந்தா என்னைய என்னன்னு பேசுவாங்க?"

17 ஆகஸ்ட், ஞாயிறு. உறையூர்

அண்ணன் வீட்டு வைஃபையில் கனிஷ்காவை வீடியோவில் கூப்பிட்டேன். முன்கூட்டிச் சொல்லாமல் அண்ணன் கையில் கொடுத்துவிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அண்ணிதான் அவர் தோளில் இடித்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் அண்ணன்.

"சாப்பிட்டேன் மாமா. அம்மாவ மட்டும் திட்டாதீங்க. நானும் உங்களக் கேட்டிருக்கணும். கல்யாணம் எனக்குத்தானே."

இதை அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை. அண்ணன் போனை மேலே சாய்த்துப் பிடித்தார். அதில் அவர் நெற்றி மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். "தையில நீயும் மாப்பிள்ளையும் வாங்க. கோயில்ல வச்சு நான் மாலை போடணும். அதுக்கப்பறம்தான் கல்யாணம் முடிஞ்சதா கணக்கு."

"நாலு வருஷமா முடியாத கல்யாணமா மாமா?" என்றாள். சிரித்தார்கள்.

20 ஆகஸ்ட், புதன்

மகாலட்சுமி கூப்பிட்டாள்: தொப்பி வந்துவிட்டது. இங்கிருந்து தில்லை நகருக்கு நடந்தே போனேன். இரண்டும் அச்சாகப் பொருந்தின. "உங்க அண்ணன் நல்லாருக்காரா மேடம்?" என்று கேட்டாள்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

நாளைக் காலை விமானம். பெட்டி கட்டியாயிற்று. அண்ணி பருப்புப் பொடி, வடகம் எல்லாம் கொடுத்து மூடி மூடவில்லை. மேலே உட்கார்ந்து மூடினோம்.

நீலப் போன் இன்று ஒரு தடவைகூட அடிக்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருக்கிறது, சிக்னல் முழுதாக இருக்கிறது. பல் வேலை முடிந்துவிட்டது, க்ளினிக்கிலிருந்து அழைப்பு வராது. அதை விட்டால் இந்த நம்பருக்குக் கூப்பிட ஊரில் இருப்பது அண்ணன் ஒருவர்தான். அவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, காபி ஆறுது ராணி, எவ்வளவு நேரம்தான் எழுதுவ என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்.