நாலு லென்ஸ் வைத்தவன் பேர்

மூவுலகிலும் என்னிடம் அதிகமாகத் திட்டு வாங்கிய என் அருமை மாப்பிள்ளை செல்வமணிக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஏழு மாசம் ஆகிறது, உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. சிதம்பரத்துக் கல்லூரி லேபில் அட்டெண்டராக இருந்துகொண்டே, பழைய லென்ஸ் நாலை அளந்து அளந்து வரிசையாக நிறுத்தி, இடையில் நீட்டுகிற கையை மறைய வைத்தாயே. கை அங்கேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பின்னால் தொங்குகிற காலண்டர் மட்டும் பளிச்சென்று தெரியும். அண்ட சராசரத்தையே அசத்தியவன், ஒரு துண்டுச் சீட்டிலாவது உன் பேரை எழுதி ஒட்டினாயா?

இன்றைக்கும் நாளைக்கும் அங்கே கண்காட்சி. "அவுரு பேரு போட்டிருக்காங்களான்னு பாத்துட்டு வா அண்ணே" என்று வள்ளி அனுப்பினாள். உன் பெண்டாட்டி வேறென்ன கேட்டாள் என்னிடம்? மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ்ஸை நானே இழுத்துக்கொண்டு ஓடாத குறை.

மேசைமேல் உன் லென்ஸ்கள். பலகையில் உன் பேராசிரியர் பேர் மட்டும், யானை சைஸில்.

கோட்டு மாட்டிய அந்த மனுஷன், "இப்போ என் விரல் மறையும்" என்று நட்ட நடுவில் விரலை வைத்தார். விரல் மறையவில்லை, பின்னாலிருந்த படம் மறைந்தது! வெளிச்சமெல்லாம் நடுவில்தானே குவிந்து போகிறது, அதை அடைத்தால்? மூணு தரம் வைத்தார். கூட்டம் சிரித்தது.

"மொதல்ல பேரை எழுது, அப்புறம் சொல்றேன்" என்று நான் நின்றிருக்க வேண்டும். ஆள் கூட்டத்தைக் கண்டால் என் நாக்கு அடங்குமா? "யோவ், ஓரமா வைய்யா! வெளிச்சத்துக்கு வழி வுடு!" என்று கத்தித் தொலைத்தேன். ஓரமாக வைத்தார். விரலைக் காணோம். கைதட்டலில் கொள்ளிடமே கரை தாண்டியிருக்கும்.

"எங்க மாப்ள செஞ்சது சார் இது."

"அந்த அட்டெண்டரா? தொடச்சு வெச்சவன் பேரையெல்லாம் போட முடியுமா? நகருங்க பெரியவரே."

"தொடச்சவனுக்குத் தெரிஞ்சது படிச்ச உனக்குத் தெரியலியேய்யா!"

வாட்ச்மேன் என்னை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டில் வள்ளி முகத்தைப் பார்த்ததும், "பெருசா போட்டிருக்காங்கம்மா" என்று அளந்துவிட்டேன். "அப்படின்னா நாளைக்கு நானும் வந்து பாக்குறேன்" என்கிறாள். இப்போதே புடவையை எடுத்து வைத்துவிட்டாள். நான் என்ன செய்ய, நீயே சொல்லேன்?

பச்சைப் பெயிண்டும் பிரஷும் வாங்கியாச்சு. முதல் பஸ்ஸில் போகிறேன். அவள் வந்து நிற்கும்போது பலகையில் உன் பேர் இருக்கும், ஈரம் காயாமல். தடுத்தால் பேராசிரியர் கோட்டிலேயே எழுதுவேன். இது சத்தியம்.

உன் பெண்டாட்டியோடு சேர்த்து உன்னையும் தத்தெடுத்த அண்ணன்,
தண்டபாணி