மெர்சி டீச்சரின் இருபத்திரண்டு

பிப்ரவரி 9, திங்கள்

காலையிலேயே வெயில். பால் திரிந்துவிட்டது, கடுங்காப்பிதான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது: “சார், தோல் ஏத்துன லாரி மெதுவா வந்து இடிச்சா அடி ஜாஸ்தியா, பைக் வேகமா வந்து இடிச்சா ஜாஸ்தியா?” எடை, வேகம் இரண்டையும் பலகையில் எழுதிக் காட்டினேன். இன்று அதே கணக்கு, வேறு வேடத்தில்.

மெர்சி டீச்சர் போன். எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். கணவர் போன பிறகு விரிஞ்சிபுரத்தில், பாலாற்றங்கரை வீட்டில் தனியாக. மணல் திருடுகிறவர்கள் மேல் புகார் கொடுத்தார். பதிலுக்கு ஜன்னலில் கல், நாய்க்கு விஷம், கேட்டில் கரியால் ‘அடுத்து நீதான்’. கைத்துப்பாக்கி உரிமம் இப்போது வந்துவிட்டதாம்.

“ஃபிசிக்ஸ் நீங்கதான் சார். இருபத்திரண்டா, முப்பத்திரண்டா? சொல்லுங்க.”

இந்த எண்கள் துப்பாக்கிக் குழலின் விட்டம், ஓர் அங்குலத்தில் நூற்றில் எத்தனை பங்கு என்று. போலீஸ் வைத்திருக்கும் ஒன்பது மி.மீ. நம்மைப் போன்றவர்களுக்குச் சட்டத்தில் இல்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

பிப்ரவரி 11, புதன்

வேலூர், துப்பாக்கிக் கடை. டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரர் சுபேதார் ராமமூர்த்தியும் (ஓய்வு) வந்தார். வரும்போதே முடிவோடு.

“இருபத்திரண்டு இன்னாத்துக்கும்மா? காக்கா கூட திரும்பிப் பாத்துட்டு போய்டும்.”

“காக்கா என் நாய்க்கு விஷம் வெக்கலண்ணே.”

கடைக்காரரும் பெரியதற்கே ஓட்டு. நானும் அந்தப் பக்கம்தான். உதாரணம் சொன்னேன்: டென்னிஸ் பந்து நெஞ்சில் பட்டால் தடவிக்கொள்வோம், கிரிக்கெட் பந்து பட்டால் உட்கார்ந்துவிடுவோம். டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

“சரி சார். ரெண்டுல எதால நான் ஸ்டம்ப்ப அடிப்பேன்?”

எதையும் வாங்காமல் திரும்பினோம்.

வாங்க மறந்தவை: பல்பு, இருமல் மருந்து.

பிப்ரவரி 15, ஞாயிறு

பனி. துப்பாக்கி சுடும் கிளப். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, டீச்சர் இரண்டையும் சுட்டார். நிதானமாக நின்று சுட்டபோது முப்பத்திரண்டும் குறியில்தான். சுபேதாருக்கு வாயெல்லாம் பல்.

டீச்சர் விடவில்லை. “அவனுங்க வரப்ப இப்படி மூச்சு வாங்காம நிப்பனா?” துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார். அறுபதைத் தாண்டியவர்! அதே மூச்சோடு வந்து சுட்டார். முப்பத்திரண்டு கையில் எகிறியது. பாதிக்கு மேல் அட்டைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில். மறுபடி ஓட்டம். இருபத்திரண்டு: எல்லாமே அட்டையில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்துக்குள்.

“இப்ப நீங்க ஓடுங்கண்ணே.”

சுபேதார் ஓடினார். அவருடையதும் மண்மேடுதான். “மிலிட்டரில எங்களுக்கு ரைஃபிள்மா... முட்டி வேற பேஜார்.”

அடுத்து டீச்சர் என்னைக் கேட்டார்: “பக்கத்து லைன் வீட்ல புள்ளைங்க தூங்குது சார். குறி தப்பினா தோட்டா எங்க போகும்?” சின்னதும் கதவைத் துளைக்கும், நம்ப முடியாது என்றேன்.

“அப்ப தப்பாம அடிக்கிறது எதுவோ, அதுதான் எனக்கு.”

வேகத்தையும் எடையையும் இத்தனை வருடம் பலகையில் பெருக்கினேன். சுடுகிறவரின் மூச்சையும் கணக்கில் சேர்க்க டீச்சருக்குத்தான் தோன்றியது. இருபத்திரண்டு, முடிவு. வீடு வரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

புழுக்கம். தேர்தல் அறிவித்தாயிற்று, உரிமத் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் உள்ள வழக்கம். குழல் அளவையே பேசிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் இது நினைவில்லை. சுபேதாருக்குமா!

டீச்சரோடு நானும் போனேன். ஏட்டு வாங்கி வைத்துக்கொண்டு, “எலெக்ஷன் முடிஞ்சதும் வாங்கிக்கங்கம்மா.”

“அது வரைக்கும் அவனுங்களும் வீட்லயே இருப்பானுங்களா?”

ஏட்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆம்பூரில் என் வீட்டுக்கு வந்து எங்களோடு இருக்கச் சொன்னேன். வீட்டைப் பூட்டினால் புகாரை வாபஸ் வாங்கின மாதிரி என்றார்.

மார்ச் 23, திங்கள்

நேற்று பொழுது சாயும்போது மணல்காரர்கள் வந்துவிட்டார்கள். துப்பாக்கி இல்லை என்று தெரிந்தே. கேட்டை உடைத்து, வாசல் கதவில் உதை. டீச்சர் எட்டிப் பார்க்கவில்லை, திட்டவில்லை. உள்ளறை, தாழ்ப்பாள், ஸ்டேஷனுக்குப் போன், சுபேதாருக்குப் போன். சுபேதாரும் லைன் வீட்டு ஜனங்களும் கூச்சலோடு ஓடி வர, வந்தவர்கள் ஓட்டம். ஒருவன் பிடிபட்டான். டீச்சருக்கு ஒரு கீறல் இல்லை.

காலையில் போய்ப் பார்த்தேன். கதவுக்குத் தச்சர் வந்திருந்தார்.

“கையில துப்பாக்கி இருந்திருந்தா?” என்றேன்.

“இருந்தாலும் இதேதான் சார். உள்ளறைக் கதவும் ஒடஞ்சா மட்டும்தான் அதுக்கு வேலைன்னு வெச்சிருந்தேன். தெனம் ராத்திரி லைட்ட அணைச்சிட்டு அந்த ரூமுக்கு நடந்து பழகிட்டேன், கால் தானா போச்சு.”

வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு நானும் நடந்தேன். முழங்காலில் ஸ்டூல், தாழ்ப்பாள் கைக்கு அகப்படவே இல்லை.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும்: இன்று விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கட்டிலிலிருந்து உள்ளறைத் தாழ்ப்பாள் வரை ஒருமுறை நடந்து பாருங்கள்.