அலகுக்கு ஓர் அலகுத் திட்டம்

அக்கா,

மேற்குத் தாம்பரத்தில் மழைக்கு ஒதுங்கிய பிரவுசிங் சென்டரில் இன்று ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். கடைக்கார அண்ணா எட்டிப் பார்த்து, "இன்னாப்பா சிரிச்சிகினு கீற? ஃபான்ட் இல்ல, அவ்ளோதான்" என்றார். அவருக்கு அவ்வளவுதான். எனக்கு நீ.

நான் பத்தாவது படித்த பம்மல் பள்ளிக்கே நீ பி.எட். பயிற்சிக்கு வந்து சேர்ந்தாய். "ஸ்கூல்ல மிஸ்ஸுன்னு கூப்பிட்டாத்தான் திரும்புவேன்" என்றாய். "வீட்லயும் நீ, இங்கயும் நீ. மிஸ் பண்ண வழியே இல்லையே" என்றேன். அன்று அது வெறும் கடி ஜோக். இப்போது சொன்னால் அம்மா அழுதுவிடுவாள், சொல்வதில்லை.

பள்ளிக்குப் புரொஜெக்டர் வந்த புதிது. அதை வைத்து ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு நீ ஓர் அலகுத் திட்டம், அதாவது பாடம் பாடமாகப் பிரித்த ஒரு யூனிட் பிளான், போட வேண்டும். அதில் ஒரு பாடத்தை உன் கல்லூரி மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். முன்பு ஒருமுறை அவர் வந்தபோது உனக்குப் பாதியில் பேச்சு நின்றுபோயிருந்தது. இதிலும் தவறினால் அந்த வருடமே வீண்.

"அலகு எழுதணும்டா, ஐடியா குடு."

"எந்தப் பறவைக்கு?"

முறைத்தாய். முறைத்தபடியே கண் விரிந்தது. "டேய், பறவை அலகுதான்டா பாடம்!"

சித்தப்பாவின் டிஜிட்டல் கேமராவோடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பஸ் ஏறினோம். எடுத்ததில் பாதி வெறும் புல், மீதியில் பறவை. ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், இரை, அலகின் வடிவம் எல்லாவற்றையும் என்னைத் தட்டச்சு செய்யவைத்தாய்.

"இவ்ளோ எழுதினா பறவை எங்கக்கா உக்காரும்?"

"எனக்கு வாயடைச்சுப் போச்சுன்னா அதைப் பாத்துப் படிக்கணும்ல."

எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

நம் வீட்டுக் கணினியில் இருந்த தமிழ் எழுத்துரு பள்ளிக் கணினியில் இல்லை என்பது, மேடம் வந்து உட்கார்ந்து முதல் படம் திரையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. படத்தின் கீழே 'நாரை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ehiu'. படத்தை மாற்ற என்னைத்தான் மவுஸோடு உட்காரவைத்திருந்தாய். நீ திரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாய். முன் பெஞ்சுப் பெண், "மிஸ், இது என்ன பாஷை?" என்றாள்.

போச்சு என்று நினைத்தேன். நீ மெல்லத் திரும்பினாய்.

"பறவை பாஷை. அதோட பேரைத்தான் எழுதி வெச்சிருக்கு. நமக்குப் படிக்கத் தெரியாதே! மூக்கைப் பாத்து, அது என்ன சாப்பிடும்னு நீங்களே சொல்லுங்க."

"மீனு மிஸ்! ஈட்டி மாதிரி கீது, குத்தித் தூக்கிடும்!"

"போடா, சேத்துல நோண்டும்டா!"

அடுத்து, அலகின் நுனி அகன்று தட்டையான ஒரு பறவை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "கரண்டி மூக்கன்!" என்றான். எனக்கு வாய் துறுதுறுத்தது. என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாய். "ஏன் கரண்டி?" என்று அவனையே கேட்டாய். அவன் எழுந்து, தண்ணீரைத் துழாவுவது போலக் கையை ஆட்டிக் காட்டினான். அதற்கப்புறம்தான் பலகையில் 'கரண்டிவாயன்' என்று எழுதினாய். வகுப்பு போட்ட கூச்சலில் மேடமும் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மற்ற பாடங்களின் படங்களிலிருந்தும் எழுத்துகளை எல்லாம் அழிக்கச் சொன்னாய். "பேரு கடைசியில வரட்டும். அதுவரைக்கும் அவங்க பேசட்டும்டா."

தேறினாய். வேலைக்குச் சேரும் முன்பே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. ஆனாலும் உன்னை நினைத்தால் எனக்கு அந்தக் கூச்சல்தான் கேட்கிறது, அக்கா.

நேற்று மாடி வீட்டு வாண்டு, தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்த ஒன்றைக் காட்டி, "அண்ணா, அது இன்னா பறவ?" என்றான். பதில் நாக்கு நுனியில் இருந்தது. கூடவே இரண்டு கடி ஜோக்கும். மூன்றையும் விழுங்கிவிட்டு, "நீ பாத்துச் சொல்லு" என்றேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.