முழங்கை நீள வார்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் என் குட்டியும் நலமா? உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கப்போகிற வார்டன் மேடத்துக்கும் ஒரு வணக்கம். போன கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதிய வரிகளை அவர் கறுப்பாக அடித்துவிட்டார். இந்தத் தடவை எழுதவில்லை, நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயிலில் என்னைப் பைகளுக்கு வார் நெய்கிற அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். தறி கிடையாது. உள்ளங்கை அளவு சதுர அட்டைகள். நாலு மூலையிலும் ஓட்டை, ஓட்டைக்கு ஒரு நூல். ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொண்டு, அட்டைகளை மொத்தமாகப் பிடித்துக் கால் சுற்று திருப்ப வேண்டும். நூல்கள் மேலும் கீழுமாகப் பிரியும். நடுவே குறுக்கு நூலைக் கொடுத்து இறுக்கி, மறுபடி திருப்ப வேண்டும்.

பிரிந்தால்தானே! ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட நூல். அதைத் தானம் என்று சொல்லி, எங்களோடு நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே பிசிறு. பிரி என்றால் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்கிறது. விரலை விட்டுப் பிரித்தால் அறுந்துவிடுகிறது. பிள்ளை பெற்றது இதைவிட லேசு.

மிச்ச நூலில் நமக்கென்று ஒன்று நெய்துகொள்ளலாமாம். குட்டி ஜூனில் பள்ளிக்கூடம் போவாள் இல்லையா, பைக்கு வார் நெய்கிறேன். போன மாதமே அவளை அழைத்து வருவதாகச் சொன்னீர்கள். பிள்ளைகள் முகத்தை மறந்துவிடும் அண்ணி. சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்,
ராங்கி

பிப்ரவரி 24

எங்கள் வீட்டு ராங்கிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். நூலோடு மல்லுக்கு நிற்காதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

வர முடியாததற்கு மன்னித்துக்கொள். குட்டிக்குக் காய்ச்சல், அண்ணனுக்கு லீவு இல்லை. இப்போது தேவலை. நன்றாகச் சாப்பிடுகிறாள். மாமா முதுகில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறாள்.

ஒன்றை மறைக்க மனசில்லை. என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியம்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

அத்தை என்று சொல்லித் திருத்துங்கள். கோபமில்லை. ஆனால் திருத்துங்கள்.

முதல் வார் பாழ். பாதி அட்டைகளில் நூலை இடப்பக்கமிருந்தும் பாதியில் வலப்பக்கமிருந்தும் கோத்திருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரே பக்கமிருந்து கோத்துவிட்டேன். நெய்ய நெய்ய வார் பாம்பு மாதிரி சுருண்டுகொண்டது. மொத்தத்தையும் பிரித்தேன்.

இரண்டாவது அறுந்தது. அட்டையை ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போனால் முறுக்கெல்லாம் ஜன்னல் பக்கம் போய் இறுகும். பின்னால் திருப்பினால் தளரும். ஆனால் திருப்பிய இடத்தில் டிசைன் மாறி ஒரு கோடு விழும், வாரை வாங்குகிற கம்பெனி அதை எடுக்காதாம். அதனால் முன்னால் மட்டும் திருப்பு என்கிறாள் சூப்பர்வைசர். நூல் அறுந்தால் குற்றம் எங்கள் கையில். கை சுத்தமில்லையாம், கவனமில்லையாம். நூலைக் கொடுத்தவனை யார் கேட்பார்கள்?

எனக்கு இது புதுசா? கதவைப் பூட்டு, துணி திருட்டுப் போகிறது, சாவியை நீயே வைத்துக்கொள் என்று சொன்ன தையல் கம்பெனி முதலாளி, கம்பெனி தீப்பிடித்த மறுநாளே ஜாமீனில் வீட்டுக்குப் போனான். சாவியோடு புகைக்குள் ஓடின நான் இங்கே இருக்கிறேன். வழக்கை மறுபடியும் தள்ளிவைத்துவிட்டார்கள்.

குட்டியின் வாரில் மட்டும் பின்னாலும் திருப்புகிறேன். கோடு விழுந்தால் விழட்டும். எப்போது வருகிறீர்கள்?

ராங்கி

ஏப்ரல் 20

அன்புள்ள ராங்கிக்கு,

இதை எழுத உட்கார்ந்த உன் அண்ணன் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

போன வாரம் வந்தோம். ஜெயில் வாசல் வரைக்கும் வந்தோம். வரிசையில் நிற்கும்போது குட்டி சுவரை அண்ணாந்து பார்த்து, "இங்க கெட்டவங்கதானே இருப்பாங்க, நாம யாரைப் பாக்க வந்திருக்கோம்?" என்று கேட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு வரிசையை விட்டு வந்தேன். திரும்பிவிட்டோம். என்னைத் திட்டிக்கொள்.

தீயில் செத்த பெண்ணின் வீடு எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். அவள் மாமியார் கடையில் குட்டியைக் கைகாட்டி, "சாவிக்காரி பொண்ணு" என்றாள். அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு. அதற்குப் பிறகு தெருவில் ஒரு பிள்ளையும் குட்டியோடு விளையாட வருவதில்லை.

அண்ணன் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டார், கிடைத்துவிட்டது. அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. எங்கள் பிள்ளை என்று சொல்லியே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். அப்புறம் அவளை உன்னைப் பார்க்கக் கூட்டிவர முடியாது. பிள்ளையில்லாதவள் பறிக்கப் பார்க்கிறாள் என்று நீ நினைப்பாய். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம், எனக்கே தெரியவில்லை. ஆனால் நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதாமல் உன் அண்ணன் சாமான் கட்டமாட்டார்.

அண்ணி

மே 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஏழெட்டுப் பதில் எழுதிக் கிழித்தேன். எல்லாம் வசவு. வார்டன் மேடத்துக்குக் கறுப்பு மை மிச்சம்.

வாரை முடித்துவிட்டேன். இடையில் எத்தனை முடிச்சு என்று கேட்காதீர்கள். ஆனால் இழுத்துப் பார்த்தால் அசையாது. அதுதான் வினை. முழங்கை நீளத்துக்கு மேல் எந்த வாரும் கைதியிடம் இருக்கக் கூடாதாம். ஆள் தொங்கினாலும் தாங்கும் என்று பயம். கம்பெனி வாரைச் சாயங்காலம் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். மேடம் தன் முழங்கையை வைத்து அளந்து, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினார். "சட்டம்மா, நான் என்ன பண்ண?" என்றார். அவரும் பிள்ளைகுட்டிக்காரிதான். வெட்டின இடத்தில் பிசிறு கிளம்பி, துண்டுகள் பிரிந்துகொண்டிருக்கின்றன. அதனால் ஒன்றும் அனுப்பவில்லை. கடையில் நல்ல பையாக வாங்கிக்கொடுங்கள்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் கொஞ்ச வருஷம் குறையும் என்கிறார் அரசு வக்கீல். ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆகவே நான் வர நாளாகும்.

சரி. அண்ணனைச் சாமான் கட்டச் சொல்லுங்கள்.

புது விலாசம் எழுத வேண்டாம். தெரிந்தால் எழுதிக்கொண்டே இருப்பேன்.

அவளுக்குச் சளி பிடித்தால் முதலில் இடது காதுதான் வலிக்கும். சொல்லமாட்டாள், அந்தப் பக்கம் படுக்கமாட்டாள், அவ்வளவுதான். டாக்டர் தொண்டையைத்தான் பார்ப்பார். காதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அத்தை