முடக்கொத்தான் இலையும் கனடாச் சம்பந்தமும்

பண்டத்தரிப்பு

அன்பு மகன் சிவதர்ஷனுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சி கௌரியும் சுகம், அந்தக் குளிருக்குள் உன்னையும் அவர்தான் காக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வெட்டி உன் நியாயத்தைத் தொடங்குவாய், அதனால் எழுதுகிறேன், கடைசி வரை வாசி.

நீ பேசி அனுப்பிய மாப்பிள்ளை கோபிசங்கரின் தாயார் கனடாவிலிருந்து வந்து, போன வெள்ளிக்கிழமை வான் வண்டி நிறைய ஆட்களோடு பெண் பார்க்க இறங்கினார். கௌரி எங்கள் திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வுகூடத்தில் நின்றாள், சேதன இரசாயனத்தில் நான்காம் வருசம் என்றால் விளையாட்டா, வரப் பின்னேரமாகும் என்று முதலே சொல்லியிருந்தோம். இவர்கள் மத்தியானமே வந்து குந்திவிட்டார்கள். மூண்டு வருசம் படிச்சது காணும்தானே, மிச்சத்தை விட்டிட்டு வரட்டும், உந்தப் படிப்பை அங்கை ஆர் கேக்கப்போகினம் என்றாராம் அந்த அம்மா. நீயும் ஓம் என்று விட்டாயாம். பெரிய மனுசன்தான் நீ! படிக்கிறவளைக் கேட்காமல் படிப்பை நிற்பாட்ட உனக்கு யார் அதிகாரம் தந்தது?

அதற்குள் முன்னறைப் பாயில் காய்ந்துகொண்டிருந்த முடக்கொத்தான் இலை அவரின் கண்ணில் பட்டுவிட்டது. கௌரி தன் ஆராய்ச்சிக்காக ஊர் ஊராய் வேலிகளில் பிடுங்கி, கழுவி, வெயில் படாமல் காயவைத்த இலை. அதை மதுசாரத்தில் ஊறப்போட்டு உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுக்க வேண்டுமாம். அந்த அம்மாவுக்கு அது ரசத்துச் சாமான். எனக்கு முழங்கால் நோ, உதைக் கொஞ்சம் கட்டித் தாங்கோவன் என்று கேட்டாராம். பெண் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொன்னால் அபசகுனம் என்று உன் அம்மாவும் பாயைத் தட்டி இலை முழுவதையும் கட்டிக் கொடுத்துவிட்டார். நான் தோட்டத்தில் நின்று தொலைந்தேன். போட்டோவிலை பாத்தனாங்கள், அது காணும் என்று அவர்களும் எழும்பிப் போய்விட்டார்கள். பெண்ணைப் பார்க்க வந்து இலையைப் பார்த்துவிட்டுப் போன கூட்டம்!

கௌரி வந்து வெறும் பாயைப் பார்த்தாள். கத்தவில்லை, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாரி முடிஞ்சுது, இனி இலை கிடையாதப்பா, என்ரை நாலாம் வருசம் போச்சு என்றாள். விடிந்ததும் வட்டுக்கோட்டையில் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குப் போய் இலையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். அது சூட்கேசுக்குள் ஏறிவிட்டது. குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற வீட்டிலை நாங்கள் சம்பந்தம் வைக்கமாட்டம் என்று அந்த அம்மா சீறினார். நல்லது, இலையைத் தாங்கோ என்றேன். ரசத்துக்குப் போனது போக மிச்சத்தைக் கொண்டுவந்தேன். கௌரி நிறுத்துப் பார்த்து, காணும் அப்பா, இது போதும் என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆகவே சம்பந்தம் முறிந்தது, முறித்தவன் நான், அவளை ஏசப் போன் எடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ. நீ நல்லாய் இருக்க வேண்டும், அதில் எனக்குக் குறையே இல்லை. ஒன்று மட்டும் மறக்காதே. அவளோடு கதைக்கும்போது, அந்த இலைக்குள் என்ன தேடுகிறாய் என்று கேள். அவளுக்கு மாப்பிள்ளை பேசினாய், விசா பேசினாய், இதை ஒருநாளும் நீ கேட்கவில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா,
தியாகராசா