முப்பத்தஞ்சா தொண்ணூறா

கணபதி, கோயமுத்தூர்
30-1-97

என் கண்ணு பிரத்யுஷாவுக்கு அம்மா பங்காரம்மா எழுதறது. இங்க நாங்க இருக்கறோம், அங்க டெல்லிக் குளுருல நீ சளி காய்ச்சல் இல்லாம இருக்கோணும்னு தெனமும் வெளக்கு வெக்கறப்ப வேண்டிக்கறேன். எப்பவும் உங்க நைனாதான் எழுதுவாங்க, நான் ஓரத்துல ரெண்டு வரி எழுதுவேன். இந்தத் தடவ எழுத்து பூராவும் என்னுதா இருக்குதேன்னு பயந்துக்காத. மொதல்லயே சொல்லிப்போடறேன், நைனா ஊட்டுலதான் இருக்கறாங்க. வலது கை முறிஞ்சு கட்டுப் போட்டிருக்குது, வெலா எலும்பு ரெண்டுல கீறல், மூச்ச இழுத்தா வலிக்குதுங்கறாங்க. ஆறு வாரத்துல கட்டுப் பிரிச்சரலாம்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு.

நடந்தது இதுதான். போன மாசம் நைனாவுக்கு எழுதியிருந்தியே, ஊர்வலம் கூட்டமெல்லாம் படம் எடுக்கற வேலைக்குப் பழைய லைக்கா கேமராவும் அம்பது எம்.எம். லென்ஸும் வாங்கியாச்சு, இன்னும் ஒரே ஒரு லென்ஸுதான் வாங்க முடியும், கடைக்காரர் முப்பத்தஞ்சையும் தொண்ணூறையும் பிப்ரவரி பத்தாந் தேதி வரைக்கும் எடுத்து வெச்சிருக்கறாரு, எத வாங்கட்டும்னு. அதப் படிச்சதுலருந்து உங்க நைனா ஒரு எடத்துல உக்காரல. பம்ப்செட் கம்பெனியில முப்பது வருஷம் கேட்டலாக்குக்குப் படம் எடுத்தவங்க, எல்லாம் மேசை மேல அசையாம உக்காந்திருந்த மோட்டாரு, ஓடறத எடுத்துப் பாக்காம எம் பொண்ணுக்கு எப்படிப் பதில் சொல்றதுன்னு, காந்திபுரத்துல ஸ்டுடியோ வெச்சிருக்கற பாலகோபால் அண்ணன்கிட்டப் போயி அவரோட லைக்காவையும் அந்த ரெண்டு லென்ஸையும் கேட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க. பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துல ரேக்ளா ஓட்டம். சின்ன வண்டி, ரெண்டு காளை, முந்நூறு மீட்டரக் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள தாண்டிப்போயிரும். நானும் கூடப் போனேன்.

மொதல்ல தொண்ணூறப் போட்டு மேட்டு மேல நின்னு எடுத்தாங்க. அது தூரத்துல இருக்கறதக் கிட்ட இழுத்துத் தருமாம். கேமராவோட சன்னல் வழியா என்னையும் பாக்கச் சொன்னாங்க. நடுவுல சின்னக் கட்டம், அதுக்குள்ள இருக்கறதுதான் படத்துல வருமாம், கட்டத்துக்கு வெளிய ஆள் வாரது போறது எல்லாம் தெரியுது. எனக்கு அது புடிச்சிருந்துது. மத்தியானத்துக்கு மேல முப்பத்தஞ்ச மாட்டுனாங்க. அதுல கட்டம் சன்னல் பூரா விரிஞ்சுக்குது, அகலமா எடுக்கும், ஆனா ஆள் பெருசாத் தெரியோணும்னா நாமதான் கிட்டப் போகோணும். போனாங்க. கட்டியிருந்த கயித்தையும் குனிஞ்சு தாண்டிப் போயிட்டாங்க. நான் கயித்துக்கு வெளிய, வண்டி வார தெசையில நைனாவுக்குப் பத்தடி முன்னால நின்னேன். அப்ப வந்த வண்டி, முடிவுக் கோட்டுக்கிட்ட காளை ரெண்டும் மெரண்டு ஒரு பக்கமா இழுத்துது. ஜனம் பூரா ஓடுது, உங்க நைனா மட்டும் கேமராவ மூஞ்சியில இருந்து எடுக்கல. சன்னல்ல எல்லாம் இன்னும் தூரத்துல, சின்னதாத்தான் தெரிஞ்சுதாம். நான் கத்துனேன். ஏனுங்க ஏனுங்கன்னுதான் வந்துது. இத்தன வருஷம் பேரச் சொல்லிக் கூப்பிடாத வாயி, அந்த எடத்துலயும் பேரு வரல. ஏனுங்கன்னா அங்க ஆயிரம் பேரு திரும்புவாங்க. சக்கரம் அடிச்சுது, தூக்கி எறிஞ்சுது, புழுதி அடங்கற வரைக்கும் ஆளக் காணோம். அந்தக் கொஞ்ச நேரம் இருக்குது பாரு அம்மணி, அது எனக்கு இன்னும் முடியல. தெருவுல ஆட்டோ வேகமாப் போனா செவுத்தோட ஒட்டிக்கறேன். வண்டி ஓட்டுன சுப்பையன் ஆஸ்பத்திரி வாசல்லயே பொழுது சாயற வரைக்கும் நின்னாரு, தண்ணி கூடக் குடிக்கல. நானும் கத்துனேனுங்கம்மா, அவங்க என்னையவே பாத்துட்டிருந்தாங்க, வெலகிருவாங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்கன்னு அழுதாரு. அவர நான் என்னன்னு சொல்றது.

நைனாவோட கண்ணாடி அங்கயே நொறுங்கிப்போச்சு. அதனால உன் லெட்டர இன்னொரு தடவ படிச்சுக் காட்டச் சொன்னாங்க. அப்பத்தான் மூணாம் பக்கத்த நான் பாத்தேன், நைனா எனக்குக் காட்டாம வெச்சிருந்தது, வலியில மறந்துட்டாங்க. ஊர்வலத்துல கல்லு பட்டு நெத்தியில மூணு தையல், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு எழுதியிருக்கற. படிச்சுட்டே வந்தவ அந்த வரியையும் சத்தமாவே படிச்சுப்போட்டேன். நைனா கண்ண மூடிக்கிட்டாங்க. எனக்குக் கோவங்கூட வரல, பயந்தான் வந்துது. அந்தப் புழுதிக்குள்ள நீ கெடக்கற மாதிரியே இருந்துது. ரெண்டு நாள் கழிச்சு, முப்பத்தஞ்சுன்னு எழுதிருன்னாங்க. நான் தொண்ணூறுன்னு எழுதுனேன். நைனா சொன்னதாவே எழுதுனேன். கண்ணாடி இல்லாதவங்களுக்குத் தெரியவா போகுது, நைனா சொன்னா நீ மறுபேச்சு பேச மாட்ட, தூரமா நின்னு எடுப்ப, எனக்கு அது போதும்னு. ஒட்டி எடுத்துட்டுத் தபால் பொட்டி வரைக்கும் போனேன், போட முடியல. ரெண்டு நாளாக் கைப்பையிலயே கெடந்துது.

நேத்து பாலகோபால் அண்ணன் படமெல்லாம் கழுவிக் கொண்டாந்தாரு. கேமரா ஒரு மூலையில நசுங்கியிருந்ததுக்கு, மொதல்ல கை கூடட்டும்னாரு. தொண்ணூறுல எடுத்ததெல்லாம் அத்தன சுத்தம், மூக்கணாங்கயித்துல திரி திரியாத் தெரியுது, காலண்டருக்கே குடுக்கலாம். முப்பத்தஞ்சுல கடைசிப் படம், வலது பக்கம் காளை ரெண்டும் முட்டிட்டு வருது, சுப்பையன் கயித்த இழுத்து மல்லாந்துட்டாரு, எடது ஓரத்துல எல்லாரும் பின்னால ஓட, ஒரு பொம்பள மட்டும் முன்னால ஓடி வாரா. முந்தானை மண்ணுல இழுபடுது, வாய் தொறந்திருக்குது. உத்துப் பாத்தா நான். பாலகோபால் அண்ணன் தன் கண்ணாடியக் கழட்டி நைனாவுக்குக் குடுத்தாரு. ரொம்ப நேரம் பாத்துட்டு, நீ என்னையக் கூப்பிட்டியான்னு கேட்டாங்க. காதுலயே உழுகலையாம், இதப் பாத்துத்தான் தெரியுதாம். நான் சமையல்கட்டுக்குப் போயி அந்த லெட்டரக் கிழிச்சு அடுப்புல போட்டேன். தொண்ணூறா இருந்திருந்தா காளையோட மூஞ்சிதான் வந்திருக்கும், ஓரத்துல ஓடி வாரவ வந்திருக்க மாட்டா. உன்னோட ஊர்வலத்துலயும் அப்படி ஒருத்தி இருப்பா, அவளுக்காகத்தான் நீ கிட்டப் போறன்னு வெளங்குது. வெளங்குனதால பயம் கொறையல கண்ணு, அதையும் எழுதித்தான் ஆகோணும்.

அதனால நைனா சொன்னத மாத்தாம எழுதறேன், முப்பத்தஞ்சே வாங்கிக்க. வாங்கறதுக்கு முந்தி வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு உள்ள பூஞ்சை நூலாட்டம் ஓடியிருக்குதான்னு பாக்கோணுமாம். வளையத்தத் திருப்பறப்பக் கரகரன்னா வேண்டாம்னுரு. இன்னொண்ணும் எழுதச் சொன்னாங்க, வலது கண்ண சன்னல்ல வெச்சா எடது கண்ண மூடப்படாது, அது தொறந்திருந்தா வாரது எத்தன கிட்ட வந்திருச்சுன்னு தெரிஞ்சிரும், அன்னிக்கு நான் மூடிப்போட்டேன்னாங்க.

தங்கச்சி பூஜிதா பரீட்சைக்குப் படிக்கறா, உன்னக் கேட்டதாச் சொன்னா. பெருமாள் உன்னைய நூறு வயசுக்கு நல்லா வெச்சிருக்கட்டும். ஞாயித்துக்கிழமை காலையில ஒம்பது மணிக்குள்ள எதுத்த ஊட்டுக்குப் போன் பண்ணு, நான் அங்கயே உக்காந்திருப்பேன். தையல் போட்ட எடம் எப்படி இருக்குதுன்னு நைனாகிட்டச் சொல்ல வேண்டாம், எங்கிட்டச் சொல்லு. இனி எதையும் மறைக்காத. பயப்படறதுக்காச்சும் எனக்குத் தெரியோணும்.

உன் அம்மா,
பங்காரம்மா