இரந்தவன் வந்தான்

அன்புள்ள மகனுக்கு,

உன் படத்தின் பாதியிலேயே நான் எழுந்து போய்விட்டதாக உன் அத்தை சொல்லித் திரிகிறாள். பொய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி போட்டுக்கொண்டு அந்தக் கட்டில் காட்சியையும் முழுதாகப் பார்த்தேன்.

செத்த காதலன் ஈரம் சொட்ட வந்து நிற்கிறான். தழுவினால் உயிர் போகும் என்று தெரிந்தே மற்றவன் கதவைத் திறக்கப் போகிறான்.

"ஐயோ, திறக்காதடா," என்றாள் அத்தை.

உன் அப்பா வந்து நின்றால் நானும் திறப்பேன். இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. உன் படம் கேட்டது. நன்றி.

திரையில் படத்தின் பெயரிலேயே ஒரு பிழை. 'இறந்தவன் வந்தான்' என்பதை 'இரந்தவன்' என்று எழுதியிருந்தார்கள். கெஞ்சி நின்றவன்தானே அவன். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெயரை எழுதியவர், நீ அறைத்தோழர் என்று சொல்பவராமே. இத்தனை வருடம் உன்னை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பியவர், இனி உள்ளே வரட்டும். என்றைக்கு வருகிறீர்கள் என்று அவரையே எனக்குக் கடிதம் எழுதச் சொல். பிழை இருந்தாலும் பரவாயில்லை.

அம்மா